ரேஷன் அட்டையாகப் பிறந்த கடவுச்சொல்

1962இன் வசந்த காலத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குக் கணினியில் வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய ஆய்வே கணினியின் செயல்திறனைப் பற்றியது. புதிதாக வந்திருந்த ஒரு கணினி முறை எத்தனை பேரைத் தாங்கும், எந்த இடத்தில் திணறும் என்று கணக்குகளை ஓட்டிப் பார்த்தாக வேண்டும். நான்கு மணி நேரம் எந்த மூலைக்கு?

கோப்புகளை அச்சிட்டுத் தரும் வசதி ஒன்று அங்கே இருந்தது. ஒரு துளையட்டையில் கணக்கு எண்ணையும் கோப்பின் பெயரையும் குத்திக் கொடுத்தால், அச்சுப் பிரதி ஓர் அலமாரிக்கு வந்து சேரும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னிரவில் ஷெர் அப்படி ஓர் அட்டையைக் கொடுத்தார். அவர் கேட்டிருந்தது, எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பு. சனிக்கிழமை அதிகாலையில் போய்க் கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் பூட்டுப் போட்டிருந்தார்கள். கொல்லைப்புறம் திறந்தே கிடந்தது.

எனக்குத் தெரிந்து, கணினி வரலாற்றில் பதிவாகியிருக்கும் முதல் கடவுச்சொல் திருட்டு இதுதான். திருடியவர் யாருடைய ரகசியத்தையும் தேடிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்கு வேண்டியிருந்தது அடுத்தவர்களின் நேரம். தன் நான்கு மணி நேரம் தீர்ந்ததும் வேறொருவர் பெயரில் உள்ளே போய் வேலையைத் தொடர்ந்தார். குற்றத்தில் பங்காளிகள் இருந்தால் பாரம் குறையும் என்பதாலோ என்னவோ, கிடைத்த பட்டியலை இன்னும் சிலருக்கும் கொடுத்தார். அவர்களில் ஒருவர் லிக்லைடர். ஆமாம், கணினி வலைப்பின்னல் என்ற கனவை அமெரிக்க அரசின் பணத்தோடு இணைத்துவைத்த அதே லிக்லைடர்தான். ஆய்வகத் தலைவர் ராபர்ட் ஃபானோவின் கணக்கில் நுழைந்து சீண்டலாகச் செய்தி எழுதி வைத்துவிட்டு வருவது அவருக்குப் பொழுதுபோக்காக இருந்ததாம். பெரிய மனிதர்கள் செய்கிற காரியமா இது என்று கேட்கலாம். அன்றைக்கு அங்கே யாரும் பெரிய மனிதராக ஆகியிருக்கவில்லை.

ஷெர் இந்த உண்மையை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது, அந்தக் கணினி முறையை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவிடமே.

அந்த முறையின் பெயர் சி.டி.எஸ்.எஸ். அதற்கு முன்பெல்லாம் கணினியோடு நேரடிப் பேச்சு கிடையாது. துளையட்டைக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மணிக்கணக்கில் காத்திருந்து விடையை வாங்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் மறுபடி முதலிலிருந்து. தாலுகா ஆபீஸில் மனு கொடுப்பது மாதிரி. கோர்பாட்டோவும் சகாக்களும் 1961 நவம்பரில் வேறொன்றைச் செய்துகாட்டினார்கள். ஒரே கணினியுடன் பல தட்டச்சு முனையங்களை இணைத்து, கணினி ஒவ்வொருவருக்கும் நொடியின் ஒரு துணுக்கைக் கொடுத்துக்கொண்டே சுற்றிவரும். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இயந்திரம் தனக்கே சொந்தம் போலத் தோன்றும்.

ஒரே வீட்டில் பல குடித்தனம் என்றால் யாருடைய அரிசி யாருடையது என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுத்த நேரம் இருந்தது. உட்கார்ந்திருப்பவர் இன்னார்தான் என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும். ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்துவிடலாம் என்பது எளிய தீர்வாகப் பட்டது என்று கோர்பாட்டோ பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எதிரியை மனதில் வைத்து மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த பாதுகாப்பு இல்லை அது. ஒரே துறையில், ஒரே தாழ்வாரத்தில் நடமாடுகிறவர்கள் தங்கள் பங்கை வாங்கிக்கொள்ள ஓர் அட்டை. நம்மூர் ரேஷன் அட்டை போல. இன்றைக்கு வங்கியும் மருத்துவமனையும் ராணுவமும் தொங்கிக்கொண்டிருப்பது அந்த அட்டையில்தான் என்பதை நினைத்தால் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது.

தமிழில் அதற்கு நாம் வைத்த பெயர் நல்ல பெயர். கடவு என்றால் வழி. கடவுச்சொல் வழிவிடும் சொல். கடவுளுக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு என்று நினைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். மறந்துபோன அன்றைக்கு அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது.

1966இல் சி.டி.எஸ்.எஸ்.ஸில் இன்னொரு கூத்து நடந்தது. கோர்பாட்டோ 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் அதை நினைவுகூர்ந்தார். உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் முதலில் அன்றைய அறிவிப்பு ஒன்று முனையத்தில் அச்சாகும். ஒருநாள் ஒரு நிர்வாகி அந்த அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் நிரல் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஓர் அடைவில் ஒருவர்தானே வேலை செய்வார் என்ற நம்பிக்கை. இரண்டு கோப்புகளும் இடம் மாறிவிட்டன. அதற்குப் பிறகு உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக ஊரார் கடவுச்சொற்கள் எல்லாம் வரிவரியாக அச்சாகத் தொடங்கின. அதைப் பார்த்த ஒரு பயனர், தன்னைத் தானே நிறைவேற்றச் சொல்லும் ஒரு கட்டளையைக் கொடுத்து மொத்த இயந்திரத்தையும் செயலிழக்க வைத்தார். சமயோசிதம் என்றால் அது. அன்று வெள்ளிக்கிழமை மாலை. வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நிர்வாகி உட்கார்ந்து எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றினார்.

இந்த ஏற்பாட்டையே வெறுத்தவர்களும் அதே எம்.ஐ.டி.யில் இருந்தார்கள். செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஓடிய ஐ.டி.எஸ். என்ற முறையில் கடவுச்சொல்லே கிடையாது. யார் வேண்டுமானாலும் யார் கோப்பையும் திறக்கலாம், திருத்தலாம். அந்த மண்ணில் வளர்ந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1977 வாக்கில் பக்கத்துக் கணினி ஆய்வகத்தில் கடவுச்சொல் முறையைக் கொண்டுவந்தபோது, அவர் அதன் குறியாக்கத்தை உடைத்து, பயனர்களுக்குச் செய்தி அனுப்பினார். உன் கடவுச்சொல் இதுதானே என்று காட்டிவிட்டு, ஒன்றுமே தட்டாமல் வெறுமனே என்டர் விசையை அழுத்துகிற மாதிரி மாற்றிக்கொள்ளலாமே என்று யோசனை. சிலர் மாற்றியும் கொண்டார்கள். இதைக் குறும்பு என்று கடந்துபோக எனக்கு மனமில்லை. பூட்டு வந்த இடத்தில் பூட்டுக்குச் சாவி வைத்திருப்பவர் என்ற புதிய அதிகாரி வந்துவிடுகிறார் என்பது அவருடைய கவலை. நிறுவனங்களில் வேலை செய்த எவருக்கும் அந்தக் கவலை புரியும்.

ஷெரின் கதையிலும் வெள்ளிக்கிழமைக் கதையிலும் அடிப்படைக் கோளாறு ஒன்றே. கடவுச்சொற்கள் அப்படியே எழுத்தாக ஒரு கோப்பில் இருந்தன. இதற்கு விடை அட்லாண்டிக்கின் மறுகரையில் வந்தது. கேம்பிரிட்ஜில் ராஜர் நீதம், கடவுச்சொல்லைச் சேமிக்கவே வேண்டாம், அதை அரைத்து வரும் மாவை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்று கண்டார். மாரிஸ் வில்க்ஸ் 1968இல் எழுதிய நூலில் இதை விவரித்தார். மாவு என்பது என் உவமை. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. நீங்கள் வந்து சொல்லைத் தட்டும்போது அதையும் அதே எந்திரத்தில் அரைத்து, பழைய மாவும் புதிய மாவும் ஒன்றா என்று ஒப்பிட்டால் தீர்ந்தது.

பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை உருவாக்கியவர்கள் இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆறேழு பக்கம்தான். இன்றைக்கும் அதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்து முடித்ததும் வயிறு கலங்கும். அவர்கள் 3,289 கடவுச்சொற்களைச் சேகரித்தார்கள். 15 பேர் ஒரே ஓர் எழுத்தை வைத்திருந்தார்கள். 72 பேர் இரண்டெழுத்து. 464 பேர் மூன்றெழுத்து. நான்கு எழுத்தோ எண்ணோ வைத்திருந்தவர்கள் 477 பேர். அகராதி, பெயர்ப் பட்டியல் என்று தேடி மேலும் 492 பிடிபட்டன. இங்கே சொல்லாத மற்ற வகைகளையும் சேர்த்தால் 2,831. அதாவது 86 விழுக்காடு, எந்தப் பெரிய மேதைமையும் இல்லாமல் ஊகிக்கக் கூடியவை.

முதலில் அவர்கள் பயன்படுத்திய அரைவை எந்திரம், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் தூக்கிக்கொண்டு திரிந்த எம்-209 சங்கேதக் கருவியின் நிரல் வடிவம். அது அளவுக்கு மீறி வேகமாக அரைத்தது, அதுதான் சிக்கல். ஒரு சொல்லுக்கு 1.25 மில்லிநொடி. நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளால் ஆன எல்லாச் சேர்க்கைகளையும் போட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். எனவே வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள், டி.இ.எஸ். முறையை 25 முறை திரும்பத் திரும்பச் செய்தார்கள். வேகம்தான் தெய்வம் என்றிருந்த துறையில் தாமதத்தை ஒரு குணமாகக் கொண்டாடிய முதல் இடங்களில் இதுவும் ஒன்று. கூடவே ஒரு சிட்டிகை உப்பு. அவர்களே வைத்த பெயர் அது: ஆளுக்காள் மாறும் ஓர் எண், 4,096 வகைகளில் ஒன்று. இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறு வேறாக இருக்கும். திருடன் ஒருமுறை அரைத்து ஊரையே சோதிக்க முடியாது. ஒவ்வோர் உப்புக்கும் தனித்தனியாக அரைக்க வேண்டும்.

1986இல் மாரிஸ் பெல் ஆய்வகத்தை விட்டு அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமைக்குப் போனார். அங்கே கணினிப் பாதுகாப்பு மையத்தின் தலைமை விஞ்ஞானி. 1988 நவம்பர் 2ஆம் தேதி இரவு இணையத்தில் ஒரு புழு கிளம்பியது. கணினிக்குக் கணினி தானாகத் தாவி, யூனிக்ஸின் கடவுச்சொல் கோப்பைத் திறந்து ஊகிக்கத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வைத்திருந்த கோப்பு அது. மாவுதானே, எடுத்தால் என்ன என்ற நினைப்பு. புழு முதலில் பயனரின் பெயரையே போட்டுப் பார்த்தது, பிறகு பெயரைத் திருப்பிப் போட்டது, பிறகு தன்னோடு கொண்டுவந்த 432 சொற்களின் பட்டியலை எடுத்தது. ஆயிரக்கணக்கான கணினிகள் மூச்சு முட்டி நின்றன. எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர், ராபர்ட் டாப்பன் மாரிஸ். மேற்படி மாரிஸின் மகன். அப்பா ஒன்பது வருடத்துக்கு முன்பு கட்டுரையாக எழுதிய ஆபத்தை மகன் நிரலாக எழுதிவிட்டார். அந்த வீட்டில் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. மகன் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார், பின்னாளில் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியரும் ஆனார்.

அதற்குப் பிறகுதான் மாவையும் மறைத்து வைக்கும் வழக்கம் பரவியது. ஆனால் பாரம் முழுக்கப் பயனர் தலையில் இறங்கியதும் அதற்குப் பிறகுதான். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, தொண்ணூறு நாளுக்கொருமுறை மாற்றம். நான் ஓர் அலுவலகத்தில் சிஸ்டம் நிர்வாகியாக இருந்தபோது, மாற்றும் நாள் வந்தால் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா வந்து நிற்பார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. “தம்பி, எம் பொண்ணு பேரு, அவ பொறந்த வருஷம், கடைசியில ஒரு ஆச்சரியக்குறி. இதுக்கு மேல நான் எங்கப்பா போவேன்? பேரப்பிள்ளை பொறக்கற வரைக்கும் மாத்தாம விடேன்.” அவர் கேட்டது முழுக்கச் சரி. விதியை எழுதியவருக்கே அது தெரியாது என்பது பிறகுதான் வெளியே வந்தது.

எழுதியவர் பில் பர். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டில் 2003இல் அந்த வழிகாட்டியை உருவாக்கியவர். உலகம் முழுக்க அலுவலகங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டன. பதினான்கு வருடம் கழித்து, ஓய்வில் இருந்த அவர் ஒரு நாளிதழிடம் தான் செய்ததில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகச் சொன்னார். அவர் தரவு தேடாமல் இல்லை. தன் நிறுவனத்துக் கணினி நிர்வாகிகளிடம், மக்கள் உண்மையில் என்னதான் வைக்கிறார்கள் என்று பார்க்கக் கேட்டார். அந்தரங்கம் என்று மறுத்துவிட்டார்கள். கையில் கிடைத்தது 1980களின் பழைய ஆவணம். அதை வைத்து எழுதினார். உண்மைத் தரவு பின்னாளில் திருட்டு வழியாகத்தான் உலகத்துக்குக் கிடைத்தது. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் வெளியே வந்தன. அரைக்காத, பச்சை அரிசியாக. அதிகம் பேர் வைத்திருந்தது 123456. 2017இல் நிஸ்ட் காலக்கெடு மாற்றத்தையும் குறி, எண் கட்டாயத்தையும் கைவிட்டது. கணக்குப் பிரிவு அம்மாவுக்கு அதற்குள் இரண்டு பேரப்பிள்ளைகள்.

கோர்பாட்டோ முதுமையில், கடவுச்சொற்கள் ஒரு கொடுங்கனவாகிவிட்டன என்றார். தன்னுடையவற்றைத் தட்டச்சு செய்து தாள்களில் வைத்திருந்தார். 2019 ஜூலையில் காலமானார்.

அதே ஆண்டு அக்டோபரில், ஆரம்பகால யூனிக்ஸ் மூல நிரல்களோடு வந்திருந்த ஒரு பழைய கடவுச்சொல் கோப்பு மறுபடி பேசுபொருளானது. யூனிக்ஸின் தந்தைகள் பலருடைய மாவும் அதில் இருந்தது. டென்னிஸ் ரிட்சியுடையது தன் பெயரிலிருந்தே எடுத்த நான்கு எழுத்து. யூனிக்ஸுக்குப் புகழ்பெற்ற ஷெல் நிரலை எழுதிய ஸ்டீவ் போர்னுடையது ‘போர்ன்’. கட்டுரை எழுதிய கென் தாம்சனுடையது மட்டும் நெடுநாள் உடையவில்லை. கடைசியில் ஒருவர் இன்றைய வரைகலை அட்டை ஒன்றை நான்கு நாளுக்கு மேல் ஓட்டி உடைத்தார். எட்டே எழுத்துகள். சதுரங்கத்தின் பழைய குறிமுறையில், ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டாம் கட்டத்திலிருந்து நான்காம் கட்டத்துக்கு நகர்த்து. கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. 1980இல் உலகக் கணினி சதுரங்கப் போட்டியை வென்ற பெல் என்ற இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் தாம்சன். எழுபத்தாறு வயதில் இருந்த அவருக்குச் செய்தி போயிற்று. ஒரே வார்த்தையில் வாழ்த்து அனுப்பிவைத்தார்.