ஆல்ட்-டேப்: 'அடுத்த ஜன்னல்' என்றால் எது?

ஆல்ட்டை அழுத்திக்கொண்டு டேப்பை ஒரு தட்டு. அடுத்த ஜன்னல் முன்னால் வந்து நிற்கும். இதில் போய் என்ன வரலாறு என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 'அடுத்த' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதில் மென்பொருள் எழுதுபவர்கள் கால் நூற்றாண்டுக்கு ஒத்துப்போகவே இல்லை.

முதலில் யுனிக்ஸ் பக்கம் போவோம். எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-ல் எம்.ஐ.டி.யில் பிறந்தது. எந்த ஜன்னல் மேலே, எது கீழே, எந்த விசைக்கு என்ன வேலை என்பதையெல்லாம் எக்ஸ் தானே முடிவு செய்யாது. அதற்கென்று விண்டோ மேனேஜர் என்று தனியாக ஒரு நிரல். பிடிக்கவில்லையா, கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். டாம் லாஸ்ட்ரேஞ்ச் 1987-ல் எழுதிய டி.டபிள்யூ.எம். இதில் பிரபலம். 'டாம்ஸ் விண்டோ மேனேஜர்' என்ற பெயர் பிற்பாடு 'டேப் விண்டோ மேனேஜர்' ஆனது. (அந்த டேப் நம் டேப் விசை இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்!)

அதில் ஜன்னல் மாற்றும் விசை வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் நாமே ஒரு வரி எழுத வேண்டும். எந்த விசை, கூடவே அழுத்த வேண்டியது எது, மௌஸ் அம்பு எங்கே இருந்தால் செல்லும், என்ன வேலை என்று நான்கும் அந்த வரியில் வந்துவிடும். வேலையின் பெயர் 'வார்ப்ரிங்'. எந்தெந்த ஜன்னல்கள் வளையத்தில் சேரும் என்று இன்னொரு பட்டியல். இப்போது விசையை அழுத்தினால் மௌஸ் அம்பு தானாக அடுத்த ஜன்னலுக்குத் தாவும்! ஏனென்றால் அங்கே அம்பு எந்த ஜன்னல் மேல் இருக்கிறதோ, தட்டச்சு செய்வது அதற்குத்தான் போகும். ஆக, 'அடுத்தது' என்றால் வளையத்தில் அடுத்து இருப்பது.

விண்டோஸ் வேறு கணக்குப் போட்டது. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் ஆல்ட்-டேப் அழுத்தினால் திரை நடுவே ஒரு சின்னப் பெட்டி, அதில் நிரலின் படமும் பெயரும். விண்டோஸ் 95-ல் எல்லாப் படங்களும் வரிசையாக வந்தன. நம் கண்ணில் படுவது பெட்டிதான். விஷயம் அந்த வரிசையில் இருக்கிறது. கடைசியாக எதைப் பயன்படுத்தினோமோ அதுதான் முதலில். எனவே ஒரு தட்டில் அகராதிக்குப் போய், இன்னொரு தட்டில் கட்டுரைக்குத் திரும்பலாம். பத்து ஜன்னல் திறந்திருந்தாலும் இதே இரண்டு தட்டுதான். டி.டபிள்யூ.எம். வளையத்தில் இப்படித் திரும்பி வர, எதிர்த்திசைக்கு இன்னொரு விசை வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் விண்டோஸ் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

1998-ல் மேக் ஓ.எஸ். 8.5 கமாண்ட்-டேப்பைக் கொண்டுவந்தது. அது ஜன்னலை மாற்றாது, நிரலை மாற்றும். ஒரே நிரலில் நான்கு ஜன்னல் இருந்தாலும் பட்டியலில் ஒரே படம்தான்.

லினக்ஸ்காரர்களுக்கு வேறு ஒரு தலைவலி. ஈமேக்ஸில் மெட்டா-டேப் என்பது பாதி எழுதிய சொல்லை முடித்துக்கொடுக்கும் விசை. மெட்டா என்றால் பெரும்பாலும் நம் ஆல்ட்தான். விண்டோ மேனேஜர் அந்த விசையைத் தனக்கென்று முன்பதிவு செய்துவிட்டால் ஈமேக்ஸுக்கு அது போய்ச் சேராது. எஸ்கேப்பைத் தட்டிப் பிறகு டேப் என்று சுற்றுவழியில் போக வேண்டியதுதான்.

பெரிய ரகளை 2011 ஏப்ரலில். க்னோம் 3 வெளியானபோது ஆல்ட்-டேப் மேக் வழிக்குப் போய்விட்டது. ஒரே நிரலின் ஜன்னல்களுக்கு நடுவே போய்வர ஆல்ட்டோடு டேப்புக்கு மேலே உள்ள விசை. (அந்த இடத்தில் எந்த எழுத்து இருக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதனால் நிரலிலும் 'டேப்புக்கு மேல்' என்றே பெயர்!) இரண்டு டெர்மினலை வைத்து வேலை செய்பவரை நினைத்துப் பாருங்கள். விரல் பழக்கத்தில் ஆல்ட்-டேப் தட்டுகிறது, வருவதோ பிரவுசர். கத்தினார்கள். பழைய வழியைத் திருப்பித் தர 'ஆல்டர்நேட் டேப்' என்ற நீட்சி வந்தது.

இப்போது நீட்சி தேவையில்லை. க்னோம் செட்டிங்ஸில் விசைப்பலகைப் பகுதிக்குப் போனால் 'நிரல்களை மாற்று', 'ஜன்னல்களை மாற்று' என்ற பொருளில் இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்கும். இரண்டாவதற்கு ஆல்ட்-டேப்பைக் கொடுங்கள். முதலாவதிடம் அது இருந்தால் அங்கிருந்து எடுத்துவிட வேண்டும், ஒரே விசை இரண்டு வேலைக்கு ஆகாது.