கெண்ட் நகரத்துப் பண்டமாற்று

தமிழ் படித்த நமக்கு வேதியியல் கூடத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு மனிதரின் பொறுமையே நம்மை அங்கு இழுத்துச் சென்றது.

ஃபுளோரின் எளிதில் அகப்படாத தனிமம். அதைப் பிரித்தெடுக்க முயன்ற பெல்ஜியத்து லூயேயும் பிரான்சு நாட்டு நிக்ளேயும் அம்முயற்சியின் நச்சுக்கே இரையாயினர். 1886இல் பாரிசில் ஆன்றி முவாசான், பிளாட்டினக் கருவிக்குள் மின்சாரம் செலுத்தி அதனைப் பிடித்தார். பிடித்து என்ன பயன்? கரிமச் சேர்மங்களின் மேல் விட்டால் அவை தீப்பற்றின, வெடித்தன. ஒருமுறை இணைந்துவிட்டாலோ கார்பன்–ஃபுளோரின் பிணைப்பு மிக வலியது. அதனைச் சேதமின்றி உண்டாக்குவது எவ்வாறு?

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிரெடெரிக் ஸ்வார்ட்ஸ் இதற்கு வழி கண்டார். அவர் ஃபுளோரின் வாயுவை நாடவில்லை. 1890களின் தொடக்கத்தில் ஆன்டிமனி ட்ரைஃபுளோரைடு என்னும் உப்போடு சிறிது புரோமினைச் சேர்த்து, குளோரின் கொண்ட சேர்மங்களுடன் வினைபுரியச் செய்தார். ஆன்டிமனி குளோரினை வாங்கிக்கொண்டு ஃபுளோரினைக் கொடுத்தது. கட்டி வைத்த பேயை அவிழ்க்காமலே வேறு மரத்தில் மாற்றிக் கட்டுவது போன்ற வேலை இது. பல பத்தாண்டுகள் இத்துறையில் அவர் ஏறக்குறைய தனியாகவே உழைத்தார்.

1896இல் அவர் ஃபுளோரோஅசெட்டிக் அமிலத்தைச் செய்தார். தென்னாப்பிரிக்காவில் மாடுகளைக் கொன்றுவந்த ஒரு செடியின் நஞ்சு அதே அமிலந்தான் என்பது 1940களில் தெரியவந்தது. கெண்ட்டில் அவர் அரும்பாடுபட்டுச் செய்ததை அச்செடி ஓசையின்றிச் செய்துகொண்டிருந்திருக்கிறது! இதை முதலில் படித்தபோது நாம் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம்.

1928இல் அமெரிக்காவில் மிட்ஜ்லியும் ஹென்னேயும் ஸ்வார்ட்ஸின் முறையையே கையாண்டு, கார்பன் டெட்ராகுளோரைடிலிருந்து புதியதொரு குளிரூட்டும் வாயுவைச் செய்தனர். கசிந்தால் ஆளைக் கொல்லும் கந்தக டைஆக்சைடு முதலியவற்றுக்கு மாற்று வேண்டியிருந்தது. நோக்கம் நல்லதே. 1974இல் மொலினாவும் ரோலண்டும் இவ்வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என எச்சரித்தனர்; 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1940இல் மறைந்த ஸ்வார்ட்ஸ் இவற்றையெல்லாம் அறியார். அவர்மீது பழி சுமத்துவது முறையன்று என்பதே நம் கருத்து.

ஏனெனில் அதே பிணைப்பு மருந்திலும் புகுந்தது. 1954இல் ஃபிரீடும் சாபோவும் ஹைட்ரோகார்டிசோனில் ஒரேயொரு ஃபுளோரின் அணுவை வைத்தனர். அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்காயிற்று. அங்கும் எவரும் ஃபுளோரின் வாயுவைத் திறந்துவிடவில்லை. மூலக்கூறில் ஒரு எபாக்சைடு வளையத்தை அமைத்து, ஹைட்ரஜன் ஃபுளோரைடால் அவ்வளையத்தைத் திறந்தே அந்த அணுவை உள்ளே அனுப்பினர்.