நிலையும் மனநிலையும்

தமிழில் ‘நிலை’ என்னும் சொல் இருவகையாகப் பயில்கிறது. சமூகத்தில் ஒருவர்க்கு அமைந்த இடத்தைச் சமூக நிலை என்கிறோம். அவர் உள்ளத்தின் இயல்பை மனநிலை என்கிறோம். இவ்விரண்டிற்கும் உள்ள உறவு சொல்லளவில் நின்றுவிடுவதா? வரலாறு பதிந்து வைத்துள்ள ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை ஆராய்வோம். பிற மாநிலங்களுக்குப் பிழைக்க வந்து, வாடகை வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்த நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும்.

டாக்டர் அம்பேத்கர் 1891-ஆம் ஆண்டு பிறந்தவர். சதாராவில் பள்ளிச் சிறுவராக இருந்தபோது, வகுப்பறையில் அவர் அமர்வதற்குத் தனியே ஒரு கோணித்துண்டு இருந்தது. அதனை நாள்தோறும் அவரே கொண்டுவந்து, மாலையில் எடுத்துச் செல்ல வேண்டும். தாகமெடுத்தால் குழாயைத் தாமாகத் திறத்தல் ஆகாது. பள்ளிச் சேவகன் வந்து திறக்க வேண்டும். சேவகன் வராவிட்டால் தண்ணீர் இல்லை. தாகம் எல்லாக் குழந்தைகட்கும் பொது. ஆனால் தாகத்தோடு அச்சத்தையும் காத்திருத்தலையும் கற்றவர் அவர் ஒருவரே.

1913-இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையுடன் அவர் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் லண்டனிலும் கற்றார். அந்நாடுகளில் வாழ்ந்த காலத்தில், தாம் தீண்டத்தகாதவர் எனக் கருதப்படுபவர் என்ற எண்ணமே தம் மனத்தைவிட்டு அடியோடு நீங்கிவிட்டதாக அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். இங்கு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்த எண்ணம் அவருடன் பிறந்த குணமாயின், கடல் கடந்த மாத்திரத்தில் அது மறைந்திருக்குமா?

1917-இல் உதவித்தொகையின் நிபந்தனைப்படி பணியாற்ற அவர் பரோடா வந்து இறங்கினார். எங்கே தங்குவது என்ற கேள்வி எழுந்தவுடனே பழைய எண்ணம் திரும்பியது. இந்து விடுதிகள் இடந்தரமாட்டா. ஆகவே பார்சிகளுக்குரிய ஒரு விடுதியில், காவலரின் இசைவோடு, பார்சிப் பெயரொன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். மின்விளக்கில்லாத மேல்மாடி, வௌவால்களின் ஓசை, துணைக்கு ஓர் அரிக்கேன் விளக்கும் புத்தகங்களும். பதினோராம் நாள் காலை, தடியேந்திய பார்சிகள் பன்னிருவர் வந்து, அன்று மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டிச் சென்றனர்.

நண்பர் இருவரிடம் அடைக்கலம் கேட்டார். ஒருவர், தாம் இடந்தந்தால் வீட்டு வேலைக்காரர்கள் விலகிவிடுவர் என்றார். மற்றவர், மனைவியைக் கலந்து சொல்வதாகக் கூறினார். அப்பதிலின் பொருள் அவருக்குப் புரிந்தது. பம்பாய் ரயில் புறப்படும் வரையில் காமாட்டி பாக் என்னும் பூங்காவில் தனியே அமர்ந்து, ஆதரவற்ற குழந்தையைப்போல் தாய் தந்தையரை நினைத்துக்கொண்டிருந்தார். அப்போது அவர்க்கு வயது 26. பொருளாதாரத்தில் பெரும்புலமை பெற்றவர். தடியேந்திய பார்சிகள் தம்முன் நின்ற காட்சியைப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் கண்ணீரின்றி நினைக்க இயலவில்லை என்று எழுதினார்.

இதிலிருந்து நாம் பெறும் உண்மை யாது? அச்சம், கூச்சம், தன்னம்பிக்கை ஆகியவற்றை ஒருவருடைய சொந்தக் குணம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அதே மனிதர், அதே அறிவு. நியூயார்க்கில் ஒரு மனம், பரோடாவில் வேறு மனம். மாறியது சூழ்ந்திருந்தோர் பார்த்த பார்வையே. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூபாய்ஸ் 1903-இல் வெளியிட்ட நூலில், பிறர் கண்களின் வழியாகவே தன்னை எந்நேரமும் பார்த்துக்கொள்ள நேரும் துன்பத்தை விளக்கினார். இருவேறு நாடுகளில் நோய் ஒன்றாகவே இருந்தது.

அம்பேத்கர் அத்துயரத்தைத் தம் தனித்துயரமாக வைத்துக்கொள்ளவில்லை. 1927-இல் மகாடு நகரில், பொதுக்குளத்து நீரைப் பருகும் உரிமைக்காக ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி நடந்தார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே வருபவரின் நெஞ்சில் உள்ள நடுக்கத்தைப் போக்குவது அண்டை வீட்டாரின் கையில் உள்ளது. அயலூரில் ‘மதராசி’ என்ற ஒரு சொல்லால் ஒதுக்கப்பட்டபோது நாம் மனம் குன்றியதுண்டு. அதே நாம், நம் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடும்போது, வந்து நிற்கும் தமிழரிடம் ஊரையும் பேரையும் கேட்டபின் இன்னும் எதை அறிய விரும்பிச் சுற்றிவளைத்துப் பேசுகிறோம்? அந்தக் கேள்வி அவர் மனத்தில் என்ன செய்யும் என்பதை, பரோடாப் பூங்காவில் அமர்ந்திருந்த அந்த இளைஞரை நினைத்துப் பார்த்தால் நாம் அறிவோம்.