கட்டி என்றால் உடனே வெட்டுவார்களா?



"ஆஸ்பத்திரிக்குப் போனால் மார்பை வெட்டிவிடுவார்கள்" என்று பயந்து கட்டியை மறைக்கும் அம்மாமாரை நாங்கள் கினிகத்தேனைப் பக்கத் தோட்டங்களில் இன்னும் காண்கிறோம். அந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

1000ஆம் ஆண்டளவில் குர்துபாவில் வாழ்ந்த வைத்தியர் அஸ்ஸஹ்ராவி, சிறிய கட்டியை ஆரம்பத்திலேயே அகற்றலாம், முற்றியதை நெருங்க வேண்டாம் என்று எழுதினார். அன்று கண்ணும் கையும்தான் பரிசோதனை. 1913இல் பெர்லினில் அல்பர்ட் சலமோன், அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தார். மெமோகிராமுக்கு வழி பிறந்தது அங்கேதான்.

ஆனாலும் 1970கள் வரை அமெரிக்காவில்கூட, பெண்ணை மயக்கிக் கட்டியை எடுத்துப் பார்த்து, புற்றுநோய் என்றால் அதே மயக்கத்திலேயே மார்பை அகற்றுவார்கள். கண்விழித்த பிறகுதான் அவளுக்கே தெரியும். பெண்கள் எதிர்த்துக் கேட்டார்கள். 1979இல் அங்கு கூடிய நிபுணர் மாநாடு, முதலில் பரிசோதனை, பிறகே சத்திரசிகிச்சை முடிவு என்று பரிந்துரைத்தது.

இன்று டொக்டர் முதலில் கையால் பார்ப்பார். வயதுக்கேற்ப ஸ்கேன் அல்லது மெமோகிராம் எடுப்பார்கள். தேவைப்பட்டால் ஊசியால் சிறிது எடுத்துச் சோதிப்பார்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் வலி இல்லை என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

நம் நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் இலவசமாக நடக்கிறது. தோட்டத்து மிட்வைஃபிடம் நாள் கேளுங்கள். ஒருநாள் பேர் போகும்தான். பிந்திப்போனால் போவது அதைவிடப் பெரிது.

அல்லாஹ் எல்லோருக்கும் சுகம் தரட்டும்.