பச்சிளங்குழந்தைக்கு வலி உண்டா?

எங்கள் பேரன் குறைமாதத்தில் பிறந்து இதய ஆபரேஷன் என்றபோது, "இத்தனூண்டு குழந்தை மயக்க மருந்தைத் தாங்குமா?" என்று வீட்டுப் பெண்கள் அழுதார்கள். நான் கடைக்காரன், டாக்டர் அல்லன். ஆனாலும் அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து அறுவை செய்து காட்டினார்கள். பெரியவர்களுக்கு விடிவு பிறந்தது. ஆனால் 1980-கள் வரையிலும் பல மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு வலியடக்கும் மருந்தை முழுசாகக் கொடுக்கவில்லை. காரணம் இரண்டு. நரம்பின் மேலுறை முற்றாததால் வலி தெரியாது என்ற எண்ணம் ஒன்று. மருந்து மூச்சையும் இதயத்தையும் அடக்கிவிடுமே என்ற பயம் மற்றொன்று. பயத்தில் நியாயம் உண்டு. தசைத் தளர்வு மருந்து பெற்ற குழந்தையோ அசையவும் முடியாது, அழவும் முடியாது.

இதைக் கேள்வி கேட்டவர் டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த். நாம் பிழைக்க வந்த இந்த இந்தூரில், மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போனவர். ஆபரேஷன் முடிந்து திரும்பும் குழந்தைகள் துவண்டு கிடப்பதைப் பார்த்தார்.

அவரும் கூட்டாளிகளும் 16 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பிறந்ததும் மூட வேண்டிய, இதயத்தருகே உள்ள ரத்தக்குழாய் ஒன்று அவர்களுக்கு மூடவில்லை. அதைக் கட்டும் ஆபரேஷன். 8 பேருக்கு வழக்கப்படி நைட்ரஸ் ஆக்ஸைடும் தசைத் தளர்வு மருந்தும். மற்ற 8 பேருக்கு அவற்றோடு ஃபென்டனில், எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். ஃபென்டனில் பெறாதவர்களின் ரத்தத்தில் அட்ரினலின் முதலான அதிர்ச்சிச் சுரப்புகள் கூடின. பிற்பாடு மூச்சு, ரத்த ஓட்டச் சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987 ஜனவரியில் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் பச்சிளங்குழந்தைக்கு மயக்க மருந்து வேண்டும் என்று அறிவித்தது.

ஓரறிவு உயிருக்கும் தொடுவுணர்வு உண்டு என்கிறது தொல்காப்பிய மரபியல். எங்கள் சமண மரபும் அதையே சொல்லும். வாய் பேசாத சிசுவுக்காக அதன் ரத்தமே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

பேரன் இப்போது கடையில் தராசுத் தட்டைப் பிடித்து இழுக்கிறான். உங்கள் வீட்டில் இப்படி ஒரு சோதனை வந்தால், "மயக்கம் எப்படிக் கொடுப்பீர்கள், வலிக்கு என்ன மருந்து?" என்று மயக்க மருந்து டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.