சாட்சிக் கூண்டும் சேரியும்: செங்கற்பட்டு வரலாறு தரும் பாடம்

காஞ்சிபுரம் கோயில்களாலும் பட்டுத்தறிகளாலும் புகழ் பெற்ற நகரம். அதனைச் சூழ்ந்த ஊர்களின் வரலாறோ வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்தை உள்ளடக்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தில் நிலவுரிமை பெரும்பாலும் மிராசுதார்களிடம் இருந்தது. வயலில் உழைத்தோர் சேரிவாழ் மக்கள். அம்மக்கள் அடிபட்டபோது நீதிமன்றம் அவர்களுக்கு என்ன செய்தது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் சாதி பார்க்கவில்லை. ஏட்டளவில் அனைவரும் சமம். ஆனால் 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் அரசுக்கு அளித்த அறிக்கை, இம்மக்களுக்குக் குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை என்பதை வெளிப்படுத்திற்று. செங்கற்பட்டில் ஸ்காத்லாந்து சுயாதீன சபையின் ஆதாம் ஆண்ட்ரூவும், திருவள்ளூரில் வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடியும் இதே குறையை எடுத்துரைத்தனர். அடித்தவனுடைய மனையில் குடியிருப்பவன் அவனுக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறுவது எங்ஙனம்? 1892-இல் அரசு பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டதை, நீதியின் வரலாற்றிலும் ஒரு படி எனக் கருதலாம்.

பின்னர்ச் சட்டங்கள் ஒவ்வொன்றாய் வந்தன. இம்மாவட்டத்திலேயே பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலைகளும் கிணறுகளும் அனைவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் பிறந்தது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகத் திருத்தப்பட்டது.

ஆயினும் சட்டம் மட்டும் போதாது என்பதற்குக் கீழத்தஞ்சை சான்று. 1968 கிறிஸ்துமஸ் இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டனர். செஷன்ஸ் நீதிமன்றம் நிலக்கிழார்கள் சிலரைத் தண்டித்தது. உயர்நீதிமன்றமோ 1973-இல் அவர்களை விடுவித்தது. செல்வர்கள் தாமே நேரில் சென்று தீயிட்டிருப்பர் என்பதை அது நம்பவில்லை. கூண்டில் ஏறிய ஏழையின் சொல்லும் எடையற்றுப் போயிற்று.

இத்தகைய அனுபவங்களின் பின்னரே 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உருவாயிற்று. சிறப்பு நீதிமன்றங்கள் அமைந்தன. குற்றஞ்சாட்டப்பட்டோர்க்கு முன்ஜாமீன் மறுக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் ஆகியோரின் உரிமைகளுக்குத் தனிப் பிரிவே வகுத்தது. சாட்சிக் கூண்டுக்கு ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது எனலாம்.

ஆனால் இப்பாதுகாப்பு பட்டியல் சாதியினர்க்கும் பட்டியல் பழங்குடியினர்க்குமே உரியது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியினரில் இடம்பெறார். சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டனர். சென்னையில் செருப்புத் தைத்து வாழ்ந்த ஒரு கிறிஸ்தவர் தொடுத்த வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்று 1985-இல் உச்சநீதிமன்றம் கூறியது. சாதிப்பெயரால் இழிவுபடுத்தித் தாக்கினர் என ஒரு போதகர் கொடுத்த வழக்கை, அவர் கிறிஸ்தவராதலால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது எனக் கூறி 2025-இல் ஆந்திர உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஓங்கிய கை திருமுழுக்கைக் கேட்டு நிற்பதில்லை, சட்டமோ கேட்கிறது.

நீதிமன்றம் 1985-இல் கேட்ட ஆதாரம் எங்கே உள்ளது? நம் சேகரங்களில் உள்ளது. தனிக் கல்லறை, தனி வரிசை, மறுக்கப்படும் திருமணம் ஆகியவை அதற்குச் சான்றுகள். 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு சாதியைத் திருச்சபையில் இடமற்றது எனத் தீர்மானித்தது. அத்தீர்மானம் நிறைவேறியிருப்பின் இவ்வாதாரம் தேவைப்பட்டிராது. உண்மையை மறைத்துக்கொண்டே பட்டியலில் இடம் கேட்கும் சபையின் சாட்சியம் செல்லாது.

ஆமோஸ் தீர்க்கதரிசி நகரவாசலில், அதாவது வழக்குகள் தீர்க்கப்பட்ட இடத்தில், நீதி நிலைபெற வேண்டும் என்றார். ஆகவே அடிபட்டவரோடு காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் செல்வதும், சபைக்குள் நடக்கும் சாதிக்கொடுமைகளை மறையாது பதிவு செய்வதும் ஆயர் பணியின் புறத்தே உள்ளவை அல்ல, அப்பணியேயாகும்.