பூட்டு கையில் இருக்கு, பூட்டுவது எப்படி?

என்க்ரிப்ஷன் வரலாறு என்றாலே கணித மேதைகளைப் பற்றித்தான் பேசுவோம். இன்னைக்கு நான் பேசப்போறது, அந்தக் கணிதத்தைத் தன் புரோகிராமில் சேர்க்கத் திணறிய சாதாரண டெவலப்பரைப் பற்றி.

முதல் தடை சட்டம். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கா என்க்ரிப்ஷன் மென்பொருளை ஆயுத ஏற்றுமதிப் பட்டியலில் வைத்திருந்தது. தான் எழுதிய நிரலை வெளியிட விரும்பிய பெர்க்லி மாணவர் டேனியல் பெர்ன்ஸ்டைன், 1995-ல் அரசு மேலேயே வழக்குப் போட்டார். 2000 வாக்கில் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்தன. பிரச்சினை தீர்ந்ததா? இல்லைங்க.

ஜாவாவில் ஒரு டெவலப்பர் வெறுமனே ‘ஏஇஎஸ்’ என்று கேட்டால், வழக்கமாகக் கிடைப்பது ஈசிபி முறை. அது தகவலை 16 பைட் துண்டுகளாக வெட்டித் தனித்தனியே பூட்டும். ஒரே மாதிரித் துண்டுகள் பூட்டிய பிறகும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு படத்தை இப்படிப் பூட்டினால் உருவத்தின் வடிவம் வெளியே தெரியலாம். ஆனா டெவலப்பருக்கு எந்த எரர் மெசேஜும் வராது! 2013-ல் வந்த ஓர் ஆய்வு, என்க்ரிப்ஷன் பயன்படுத்திய 11,748 ஆண்ட்ராய்டு செயலிகளைப் பார்த்தது. 88 சதவீதத்தில் குறைந்தது ஒரு பிழை.

இத்தனை பேரும் கவனக்குறைவானவங்களா? எனக்கு அப்படித் தோணல. தவறான பதிலையும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் கருவியைத்தான் குறை சொல்லணும்.

அதே பெர்ன்ஸ்டைன், டான்யா லாங்கே, பீட்டர் ஷ்வாபே மூவரும் செய்த லைப்ரரியின் பெயர் என்ஏசிஎல். உப்பின் வேதியியல் குறியீடு; ‘சால்ட்’ என்றே சொல்லணும். இதில் டெவலப்பர் எந்த முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். ‘கிரிப்டோ பாக்ஸ்’ என்ற ஒரே ஃபங்ஷன் செய்தியைப் பூட்டும். வழியில் யாராவது திருத்தினால் திறக்கும்போது பிடித்துவிடும். ஒவ்வொரு செய்திக்கும் ‘நான்ஸ்’ என்ற புது எண்ணை மட்டும் டெவலப்பர் தரணும். அது 24 பைட் நீளம். ரேண்டமா எடுத்தாலே போதும், மறுபடி அதே எண் வரும் என்ற பயம் இல்லை.

ஆனால் அதைப் பல கணினிகளில் நிறுவுவதே பெரும்பாடாக இருந்தது. 2013-ல் ஃபிராங்க் டெனிஸ் அதை எளிதாக நிறுவும்படி மாற்றி, லிப்சோடியம் என்று வெளியிட்டார். 2017-ல் பிஎச்பி 7.2 அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

இருந்தாலும், சாவியை எங்கே பத்திரமாக வைப்பது என்ற கேள்வி இன்னும் டெவலப்பர் தலையில்தான் இருக்கு. அதை அடுத்த எபிசோடில் பேசலாம்.